அம்மா சாப்பிடும் அதே மாத்திரையை எனக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாரே, டாக்டர்?

தக்கலைப் பக்கமிருந்து 30 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கல்யாணமாகி நான்கு வருடம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை 45 நாள் லீவில் வருவார். இவருக்கு இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது. உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லியிருக்கிறார்கள். நாகர்கோவிலில் ஒரு மகப்பேறு மருத்துவர் பார்த்துவிட்டு, அடுத்த மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு லெட்ரோசோல் 2.5 மி.கி. சாப்பிட்டு, 12ஆம் நாள் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தால், அம்மாவின் மருந்து டப்பாவில் அதே பெயர், அதே 2.5. அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு மார்பகப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. அன்றிலிருந்து தினமும் இந்த மாத்திரைதான்.

மருந்துக் கடைக்காரர் “இது கேன்சர் மாத்திரையாச்சே, உங்களுக்கா?” என்று கேட்டிருக்கிறார். இந்தியாவில் இதைத் தடை செய்துவிட்டார்கள் என்று செல்போனில் படித்திருக்கிறார். மருந்தோடு வந்த தாளில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கானது, கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்று இருக்கிறது. பயந்துபோய் மாத்திரையைத் தொடவே இல்லை. இதற்கிடையில் கணவர் தம்பி கல்யாணத்துக்காகப் பத்து நாள் வந்து போனார். அவர் போய் ஐந்து வாரம் ஆகிறது. கடைசி மாதவிடாய் வந்து 52 நாள். வழக்கமாகவே தள்ளிப்போவதுதானே என்று இருந்துவிட்டார். இன்னும் இரண்டு மாதத்தில் கணவர் முழு லீவில் வரப்போகிறார். மயினி சொல்கிறாராம்: “எதுக்குக் கடைக்குப் போறே? அம்மாட்ட இருக்கிறதுல அஞ்சு எடுத்துக்கோ. அவரு வர்ற வரைக்கும் தினம் சாப்பிட்டா முட்டை நல்லா வளந்திருக்கும்.” நாளையே ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார். அம்மா மூட்டுவலி தாங்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை போடுகிறார் என்ற கவலையும் கடிதத்தில் இருக்கிறது. இன்னொரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்: குறை தன்னிடம்தான் என்று தெரிந்துவிட்டதால் கணவருக்கு எந்தப் பரிசோதனையும் செய்யவில்லையாம்.

அன்புச் சகோதரிக்கு,

நாளையே ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் மருத்துவர் தவறான மருந்து எதையும் எழுதவில்லை. உங்கள் நிலைக்கு இன்று உலகம் முழுவதும் முதலில் எழுதப்படும் மாத்திரை இதுதான். ஆனால் அவர் எழுதியது ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கி ஐந்து நாளில் முடிகிற மருந்து. நீங்கள் இப்போது யோசிப்பது அந்த மருந்துச்சீட்டில் இல்லாத வேறொன்று. இந்த மாத்திரையில் பாதுகாப்பு என்பதே எந்த நாளில் தொடங்குகிறோம், தொடங்கும் முன் எதை உறுதி செய்துகொள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கார்டு டெஸ்ட்

கணவர் வந்து போய் ஐந்து வாரம், மாதவிடாய் இல்லாமல் 52 நாள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மாதவிடாய் ஒழுங்காக வராத பெண்களுக்கும் திடீரென்று ஒரு மாதம் கருமுட்டை வெளியாகும். அந்தப் பத்து நாளில் அது நடந்திருக்க முடியாது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நாளைக் காலை எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கார்டு எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும், சீட்டு தேவையில்லை.

உறவு கொண்டு மூன்று வாரம் தாண்டிவிட்டால் அந்தக் கார்டு சொல்வதை நம்பலாம். ஒரே கோடு வந்தால் கர்ப்பம் இல்லை என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். மங்கலாகவாவது இரண்டாவது கோடு தெரிந்தால் லெட்ரோசோலுக்கு இனி வேலையே இல்லை, உடனே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமாக இருக்கும்போது இந்த மாத்திரை சாப்பிட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து கருவைப் பாதிக்கலாம். மருந்துத் தாளில் இருக்கும் எச்சரிக்கை இதைப் பற்றியதுதான். அதனால்தான் மாதவிடாய் வந்த பிறகு, அல்லது கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகு, தொடங்கச் சொல்கிறோம்.

இதைப் படிக்கிற வேறு யாராவது கர்ப்பம் என்று தெரியாமல் இதைச் சாப்பிட்டிருந்தால், பதறிப்போய்க் கருவைக் கலைக்க ஓட வேண்டாம். எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஸ்கேனில் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

ஒரே மாத்திரை, இரண்டு உடம்பு

கேன்சர் மாத்திரை என்றதும் முடி கொட்டும், வாந்தி வரும், ரத்தம் குறையும் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நினைப்பது கீமோதெரபி. லெட்ரோசோல் அந்த வகை மருந்து இல்லை. அது செல்களைக் கொல்வதில்லை. நம் உடம்பில் அரோமடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. ஆண்மைத் தன்மையுள்ள ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதன் வேலை. லெட்ரோசோல் அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அது செய்வது இவ்வளவுதான்.

அம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. சினைப்பை ஓய்ந்துவிட்டாலும் கொழுப்பு, தசை போன்ற இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜன் உருவாகிக்கொண்டே இருக்கும். சில வகை மார்பகப் புற்றுநோய்க்கு அதுதான் தீனி. மிச்சம் மீதி செல் எங்காவது இருந்தால் அதற்குத் தீனி கிடைக்காமல் செய்யத்தான் தினமும், பெரும்பாலும் ஐந்து வருடம், இந்த மாத்திரை.

உங்களுக்கு நோக்கமே வேறு. உங்கள் வீட்டு மேல்தொட்டியில் மிதவை இருக்கும் இல்லையா? தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், மோட்டார் ஓடும். அதேபோல் ஐந்து நாள் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளைக்குச் செய்தி போகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கருமுட்டைப் பையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதில் ஒரு முட்டைப் பை வளரத் தொடங்குகிறது. உங்கள் ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று சொன்னவை பெரும்பாலும் இப்படி வளர ஆரம்பித்துப் பாதியில் நின்ற சின்னச் சின்ன முட்டைப் பைகள்தான். அவை கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில் இருக்கின்றன. கரைக்க வேண்டிய கட்டி என்று எதுவும் அங்கே இல்லை.

ஐந்து நாள் முடிந்து மாத்திரையை நிறுத்தியதும் ஈஸ்ட்ரோஜன் மறுபடி ஏறும். கர்ப்பப்பையின் உள்தோல் தடிமனாகும். மாத்திரை உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். கருமுட்டை வெளியாகி, கரு உருவாகி, அது கர்ப்பப்பையில் ஒட்டும் நேரத்துக்கு மருந்து பெரும்பாலும் உடம்பை விட்டுப் போயிருக்கும். குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று பயப்படும் உங்களுக்கு இந்த நாள்கணக்கு முக்கியம்.

மயினி சொன்னதுபோல் தினமும் சாப்பிட்டால் முட்டை வளர்ந்து சேர்ந்து காத்திருக்காது. முட்டையைச் சேமித்து வைக்க முடியாது. வெளியான முட்டைக்கு ஒருநாள்தான் ஆயுள். மாதவிடாய் நிற்காத வயதில் நாள் கணக்கில் இதைச் சாப்பிட்டால் சினைப்பை தொடர்ந்து தூண்டப்பட்டு உண்மையிலேயே பெரிய கட்டிகள் வரலாம். ஒரு வேளைக்கு எத்தனை மி.கி. என்பதையும் நீங்களாகக் கூட்டாதீர்கள். 2.5இல் முட்டை வளரவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தால் அடுத்த மாதம் 5, அதற்கும் அசையாவிட்டால் 7.5 என்று மருத்துவர் ஏற்றுவார்.

தடை செய்த மருந்துதானே?

நீங்கள் படித்தது பொய் இல்லை, பழைய செய்தி. 2005இல் ஒரு மருத்துவ மாநாட்டில் லெட்ரோசோலால் பிறந்த குழந்தைகளுக்கு இதயம், எலும்புக் குறைகள் கூடுதலாக இருக்கலாம் என்று கனடாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு. ஒப்பிட்டதோ எந்தச் சிகிச்சையும் தேவைப்படாமல் கருத்தரித்த பெண்களின் குழந்தைகளோடு. அடுத்த வருடமே அங்கிருந்து 911 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு வந்தது. இதே வேலைக்குத் தரப்படும் பழைய மாத்திரையான குளோமிஃபீனோடு ஒப்பிட்டால் லெட்ரோசோலில் பிறவிக் குறைகள் அதிகம் இல்லை என்பதே அதில் தெரிந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. குழந்தைப்பேற்றுக்கு இதை எழுதக்கூடாது என்று மத்திய அரசு 2011இல் நிறுத்தி வைத்தது. 2017இல் அந்தத் தடையை விலக்கிவிட்டது.

நடுவில் 2014இல் அமெரிக்காவில் உங்களைப் போல பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள 750 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. அதிகபட்சம் ஐந்து மாதச் சிகிச்சையில் குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும், லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. உடல் எடை கூடியவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இரட்டைக் குழந்தையும் குளோமிஃபீனைவிட இதில் குறைவு. 2018இலும் 2023இலும் வந்த சர்வதேச வழிகாட்டுதல்கள் பி.சி.ஓ.எஸ். காரணமாகக் கருமுட்டை வெளியாகாத பெண்களுக்கு முதல் மருந்தாக இதைத்தான் சொல்கின்றன. ஆனால் இந்த மாத்திரையைக் கம்பெனிகள் முதலில் அனுமதி வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது மார்பகப் புற்றுநோய்க்காக. அதனால் தாளில் இன்னும் அதுதான் அச்சாகிறது. கடைக்காரர் சொன்னதும் அந்தத் தாளில் இருப்பதைத்தான். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

அதே 27.5 சதவீதத்தை இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். ஐந்து மாதம் முயன்றும் நான்கில் மூன்று பேருக்குக் குழந்தை பிறக்கவில்லை. உங்களுக்கு இந்த லீவில் அதிகம் போனால் இரண்டு வாய்ப்பு. கிடைக்காமல் போனால் அது உங்கள் உடம்பு தோற்றதாக ஆகாது. இதை உங்கள் மாமியாரிடமும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்ன வார்த்தையைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே திருப்பி எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அம்மாவின் மாத்திரையை எடுக்கலாமா?

கூடாது. உள்ளே இருப்பது ஒரே மருந்து என்பதால் அதில் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் ஐந்து எடுத்தால் அம்மாவுக்கு ஐந்து நாள் மருந்து குறையும். ஏற்கெனவே விட்டு விட்டுச் சாப்பிடுபவருக்கு அது நல்ல சாக்காகிவிடும். மருத்துவர் சீட்டோடு பில் போட்டு வாங்கினால் எந்த மாதம் எத்தனை சாப்பிட்டீர்கள் என்பதற்குக் கணக்கு இருக்கும். அது பின்னால் உதவும்.

இதைவிடப் பெரிய விஷயம், அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததை நீங்கள் நாகர்கோவில் மருத்துவரிடம் சொல்லவே இல்லை என்று எழுதியிருப்பது. அடுத்த தடவை அதைத்தான் முதலில் சொல்லுங்கள். அம்மாவுக்கு 59 வயதில் வந்திருக்கிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. சித்தி, பெரியம்மா, அத்தை, பாட்டி என்று இரண்டு பக்கமும் யாருக்காவது 50 வயதுக்குள் மார்பகத்திலோ, எந்த வயதிலாவது சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருக்கிறதா என்று விசாரித்து எழுதி வையுங்கள். அப்படி இருந்தால் மரபணுப் பரிசோதனை தேவையா என்று அம்மாவின் மருத்துவரிடமே கேட்கலாம். மார்பில் ஏற்கெனவே கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் கர்ப்பத்துக்கு முயல்வதற்கு முன்பு காட்டிவிடுங்கள். ஐந்து நாள் லெட்ரோசோல் உங்களுக்குப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

45 நாள் லீவை எப்படிப் பயன்படுத்துவது?

கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் வளைகுடாவில் கணவர் இருக்கும் பெண்களுக்கு லீவு என்பது ஒரு பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. அவர் வந்து இறங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், டெஸ்ட் எடுத்து, ரிசல்ட் வாங்கி, மாதவிடாய்க்குக் காத்திருந்து, கடைசியில் மாத்திரை தொடங்கும்போது அவர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பரிசோதனைகளை இப்போதே முடித்துவிடலாம்.

உங்களுக்கு: தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ஹீமோகுளோபின், ரூபெல்லா என்ற அம்மை நோய்க்கு எதிர்ப்புச் சக்தி. தனியாரில் செலவாகும் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு வெளிநோயாளிகள் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். ஃபோலிக் அமிலம் இன்றே தொடங்கலாம். உங்கள் எடைக்கு எந்த அளவு என்பதை மட்டும் மருத்துவர் சொல்லட்டும். 78 கிலோவில் ஐந்து சதவீதம் என்றால் நான்கு கிலோ. இந்த இரண்டு மாதத்தில் அதில் பாதி குறைந்தாலே நல்ல தொடக்கம். சிலருக்கு மாத்திரை இல்லாமலே மாதவிடாய் சீராவதும் உண்டு. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடாதே என்று நான் சொல்லமாட்டேன். கிழங்கைப் பாதியாக்கி மீனையும் பயறையும் கூட்டுங்கள். ராத்திரிக் கஞ்சிக்கும் அதேதான்.

அடுத்தது நாள்கணக்கு. கர்ப்பம் இல்லை என்று உறுதியானால், மாதவிடாய் வரவழைக்க மருத்துவர் சில நாளைக்குப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை தருவார். அதை எப்போது தொடங்குவது என்பதைக் கணவரின் விமான டிக்கெட்டைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். அவர் வருவதற்கு எட்டு, பத்து நாள் முன்பு மாதவிடாய் தொடங்கினால், லெட்ரோசோல் ஐந்து நாளும் அவர் வருமுன்னே முடிந்துவிடும். 12ஆம் நாள் ஸ்கேன் அவர் வந்த இரண்டாம், மூன்றாம் நாளில் வரும். முட்டைப் பை 18 முதல் 20 மி.மீ. வளர்ந்து, 15, 16ஆம் நாள் வாக்கில் முட்டை வெளியாகும். அந்த மாதம் கரு நிற்கவில்லை என்றால் அடுத்த மாதவிடாய் லீவின் மூன்றாவது வாரத்தில் வரும், இரண்டாவது வாய்ப்பு லீவு முடியும் முன்னே கிடைத்துவிடும். அவர் வந்த அன்று மாதவிடாய் தொடங்கினால் பெரும்பாலும் ஒரே வாய்ப்புதான். எல்லோருக்கும் இந்தக் கணக்கு அச்சாக நடக்காது. ஆனாலும் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. அந்த வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும், தேதி குறித்துப் பதற்றப்பட வேண்டியதில்லை.

ஸ்கேனை மட்டும் விட்டுவிடாதீர்கள். முட்டை வளர்ந்ததா என்பதோடு, எத்தனை வளர்ந்தது என்பதும் அதில்தான் தெரியும். மூன்று, நான்கு ஒன்றாக வளர்ந்திருந்தால் அந்த மாதம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லலாம். அப்போது ஏமாற்றமாக இருந்தாலும் கேளுங்கள். இரண்டு, மூன்று கரு ஒன்றாகத் தங்குவது உங்களுக்கும் ஆபத்து, குழந்தைகளுக்கும் ஆபத்து.

மாத்திரை சாப்பிடும் நாட்களில் தலைவலி, அசதி, திடீரென்று உடம்பு சுடுவது, லேசான தலைச்சுற்றல் இருக்கலாம். ஸ்கூட்டரில் வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். இரவில் சாப்பிட்டால் பலருக்குச் சிரமம் தெரிவதில்லை. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். வயிறு வேகமாக உப்பி, அடிவயிற்றில் கடும் வலி, மூச்சு முட்டல், சிறுநீர் குறைதல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அரிதுதான், ஆனால் வந்தால் காத்திருக்கக்கூடாது. கர்ப்பம் உறுதியான பிறகு ஒரு பக்கமாக அடிவயிற்று வலியோ, மயக்கமோ, ரத்தப்போக்கோ இருந்தாலும் அப்படித்தான்.

இந்த லீவில் நடக்காவிட்டால் அடுத்தது ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை முறை) என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முட்டை வெளியாகிறது என்று தெரிந்தால் லெட்ரோசோலையே ஆறு மாதம்வரை முயலலாம். அதற்குப் பிறகும் ஊசி மருந்து போன்ற வழிகள் இருக்கின்றன. உங்களுக்கு 30 வயதுதான்.

அம்மாவுக்கு

காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை, தேங்காய் முறியைப் பிடித்துத் துருவ முடியாமல் கையை வெந்நீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது வயசுக் கோளாறு இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் நிறையப் பேருக்கு இப்படி வரும். வலிக்கிறது என்று அவராகவே மாத்திரையைக் குறைப்பதில்தான் எனக்குப் பயம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது அவருக்குச் சோதித்து எழுதிய அளவு இல்லை. ஐந்து வருடமும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இந்த மருந்தின் முழுப் பலன்.

அடுத்த ரிவ்யூவுக்குக் காத்திருக்காமல் திருவனந்தபுரத்துக்குப் போன் செய்து வலியைச் சொல்லுங்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். அவர்களிடம் வழிகள் உண்டு. கொஞ்ச நாள் நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாற்றலாம். அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் இரண்டும் இதே வகைதான், ஆனால் ஒன்றில் வலிக்கிறவருக்கு இன்னொன்று ஒத்துப்போவது உண்டு. டமாக்ஸிஃபென் வேறு வகை, அதற்கு வேறு எச்சரிக்கைகள் உண்டு. வாரத்துக்கு 150 நிமிட நடையும், வாரம் இரண்டு நாள் கை கால் தசைகளுக்குப் பயிற்சியும் வலியைக் குறைக்கும் என்பது இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களிடமே சோதித்துத் தெரிந்தது. வலிக்கிறது என்று அசையாமல் உட்கார்ந்தால் வலி கூடத்தான் செய்யும்.

எலும்பைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். லெட்ரோசோல் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். சிகிச்சை தொடங்கும்போது டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா, அடுத்தது எப்போது, கால்சியமும் வைட்டமின் டியும் எவ்வளவு, எலும்புக்கு ஊசி தேவையா என்று கேளுங்கள். ஊசி போடுவதாக இருந்தால் அதற்கு முன் பல் வேலைகளை முடித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் மூட்டுவலி என்றால் கால் தானாக வர்ம வைத்தியரிடம் போகும். அம்மா எண்ணெய் தேய்த்துக்கொள்வதை நான் தடுக்கவில்லை. எலும்பு எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை அழுத்திப் பிடிப்பதும் இழுத்து விடுவதும் வேண்டாம். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை யாரும் முறுக்கித் தேய்க்கவே வேண்டாம், வீங்கிவிடும். உள்ளுக்குச் சாப்பிடும் லேகியம், பொடி எதுவாக இருந்தாலும் முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல் இருந்தால் அம்மா அதை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். நீங்களே மெதுவாகக் கேளுங்கள். ஹார்மோன் இல்லாத பூச்சுகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கிரீமைக் கடையில் தானாக வாங்கிப் போட்டுவிடக்கூடாது.

இங்கே இன்னொரு வகை வாசகிக்கும் ஒரு வார்த்தை. நாற்பதுகளில் மார்பகப் புற்றுநோய் வந்து, கீமோதெரபியால் மாதவிடாய் நின்று, பிறகு இந்த மாத்திரை தொடங்கியவர்கள் இருப்பீர்கள். மாதவிடாய் வரவில்லை என்பதால் சினைப்பை ஓய்ந்துவிட்டதாக ஆகாது. அப்படிப்பட்டவர்களுக்குச் சினைப்பையை அடக்கும் ஊசி இல்லாமல் லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டால் புற்றுநோய்க்கு எதிரான பலன் இருக்காது. மேலே சொன்ன அதே மோட்டார் அங்கேயும் ஓடத் தொடங்கி, எதிர்பாராமல் கர்ப்பமே தரித்துவிடலாம். மறுபடி ரத்தம் பட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் இல்லாத கருத்தடை முறை எது என்றும் கேளுங்கள்.

கணவருக்குப் பரிசோதனை

‘குறை என்னிடம்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லை என்பது தெரிந்திருக்கிறது. கணவருக்கு என்ன என்பதை யாரும் பார்க்கவே இல்லை. குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் பங்கு இருக்கிறது. உங்களுக்கு முட்டையை வளர்த்து, ஸ்கேனில் பார்த்து, ஊசி போட்டு, லீவும் முடிந்த பிறகு விந்தணு குறைவு என்று தெரிந்தால் எவ்வளவு வலிக்கும்! இரண்டிலிருந்து ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்து கொடுக்கும் ஒரு மாதிரி, அவ்வளவுதான் பரிசோதனை. மஸ்கட்டிலேயே இப்போதே எடுத்துவிடலாம். ஏதாவது குறை இருந்தாலும் விந்தணு புதிதாக உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் இன்று தொடங்கினால்தான் லீவுக்குப் பலன் தெரியும். புகை, குடி, சூளைபோல் சூடான இடத்தில் வேலை, ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இவையெல்லாம் எண்ணிக்கையைக் குறைக்கும். கடைசியாகச் சொன்னது சில பேருக்குச் சுத்தமாக இல்லாமலே ஆக்கிவிடும்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். மருத்துவர் மேல் போட்டுச் சொல்லுங்கள், அதில் தப்பில்லை, உண்மையும் அதுதான்: “நீங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரு ரிசல்ட்டும் கையில இருந்தாத்தான் மாத்திரை ஆரம்பிப்பேன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. எனக்கு அஞ்சு டெஸ்ட் எழுதியிருக்கு, உங்களுக்கு ஒண்ணுதான். எடுத்து போட்டோ அனுப்புங்க.” நேரில் கேட்டால் வெட்கப்படுகிற ஆண்கள்கூட, அங்கே தெரியாத ஊரில், யாருக்கும் சொல்லாமல் போய் எடுத்துவிடுவார்கள். ரிசல்ட் வந்ததும் உங்கள் கார்டு டெஸ்ட் தேதி, கடைசி மாதவிடாய்த் தேதி, அவருடைய டிக்கெட் தேதி, அம்மாவின் சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி நாகர்கோவில் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.